பாட்டு முடியும்வரை கேட்பது

எங்கள் வாட்ஸ்அப் பாட்டுக் குழுவில், பாட்டு முடிவதற்குள் கைதட்டல் வந்துவிடும். ஒருவர் நான்கு நிமிடப் பாட்டைப் பாடிப் போடுவார். அடுத்த நிமிடமே பூங்கொத்துப் படம், இரண்டு கைகள், "அருமை அருமை", "சூப்பர்ண்ணே" என்று வரிசையாக வந்து விழும். யாரும் கேட்டிருக்க முடியாது என்பது பாடியவருக்கும் தெரியும். அடுத்தவர் பாட்டுக்கு அவரும் அதையேதான் செய்வார். கல்யாண வீட்டு மொய் மாதிரி, போட்டது திரும்பி வந்துவிடும்.

எல்லாரும் செல்போனில் பாடுகிறவர்கள். அதற்கென்று ஒரு ஆப் இருக்கிறது. அது பாட்டின் இசையை மட்டும் நம் காதுக்குள் ஓட்டும். நாம் அதோடு சேர்ந்து பாடினால், குரலையும் இசையையும் ஒன்றாக்கிக் கொடுத்துவிடும். மதுரையில் எத்தனை பேர் மொட்டை மாடியிலும் குளியலறையிலும் நின்று இப்படிப் பாடுகிறார்கள் என்பது அந்தக் குழுவில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அங்கே பாடத் தெரியாத ஒரே ஆள் நான். நகைக்கடையில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் வீடு மாறினார். அவர் சாமான்களை என் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிப் போனேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தார். "நல்லாருக்குண்ணே" என்று சொல்லிவைத்தேன். இறங்கும்போது என் நம்பரை வாங்கிக் குழுவில் சேர்த்துவிட்டார்.

நான் எழுமலைப் பக்கம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, எங்கள் ஊர் ஆட்கள் பலரும் போகிற மாதிரி வடக்கே முறுக்குக் கம்பெனி வேலைக்குப் போனேன். நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நிற்கிற வேலை. முழங்கையில் இருக்கிற தழும்புகள் அங்கே கிடைத்தவை. அந்தச் சூட்டில் யாருக்கும் பேச்சு வராது. ஒருவனுடைய போனில் பாட்டு ஓடும், தினமும் அதே பாட்டுகள். பிறகு லாரியில் கிளீனர், செங்கல் சூளை, மறுபடி லாரி. கடைசியாக மதுரையில் இந்தக் குட்டியானை. ஒரு இடத்தில் கொஞ்ச காலம் இருந்தாலே எனக்குக் கால் பரபரக்கும். அறை கிடைக்காத மாதங்களில் வண்டியின் பின்னால் படுதாவை விரித்து, தெப்பக்குளத்துப் பக்கம் படுத்துக்கொள்வேன். காற்று நன்றாக வரும். கொசுவும் வரும்.

சுருதி என்றால் என்ன என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் லோடு ஏற்ற, இறக்க என்று காத்துக் கிடக்கிற நேரம் எனக்கு நிறைய. குழுவில் வருகிற பாட்டை முழுதாகக் கேட்பேன். கேட்டால் ஏதாவது சொல்ல வேண்டும் இல்லையா? ஒருநாள் நகைக்கடை அண்ணன் பாட்டுக்குக் கீழே எழுதினேன்.

"அண்ணே, ரெண்டாவது சரணத்துல மூச்சு வாங்குதே, மாடி ஏறி வந்தீகளா?"

"ஆமா மாப்ள! மொட்டை மாடிக்குப் போய்க்கிருக்கும்போதே பாட்டு ஆரம்பிச்சிருச்சு. எப்படிய்யா கண்டுபிடிச்ச?"

இன்னொருவர் பாட்டில் நடுவே மிக்ஸி ஓடியது. சட்னியா, இட்லிப்பொடியா என்று கேட்டேன். அவர் சிரித்தார். குழுவை நடத்துகிற ஜவுளிக்கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "தம்பி, இங்க நிறைகள மட்டும் சொல்லுங்க. குறை சொல்றதுக்கு அவங்கவங்க வீட்டுலயே ஆள் இருக்கு" என்று எழுதிவிட்டார். சரி என்று நிறுத்திக்கொண்டேன். அதன் பிறகுதான் ஆட்கள் தனியாக அனுப்ப ஆரம்பித்தார்கள். 'இத மட்டும் கேட்டுச் சொல்லு, குரூப்ல போட்டுறாத.'

டீச்சர் அப்படித்தான் வந்தார். ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு நடத்துகிறவர். அந்த வருடத்தோடு ஓய்வு. எடுத்த எடுப்பில் போன் போட்டுப் பேசினார்.

"தம்பி, நீ முழுசா கேக்குற ஆளுன்னு சொன்னாங்க. எனக்கு உண்மைய சொல்றியா?"

"தெரிஞ்சத சொல்றேன் டீச்சர். நான் பாட்டு படிச்சவன் இல்ல."

"படிச்சவங்க எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க. அதான் உன்கிட்ட வாரேன்."

விஷயம் இதுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் தங்கள் சர்ச்சின் கொயரில் பாடுகிறார். எப்போதும் கடைசி வரிசை, தூணுக்குப் பக்கத்தில். இந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஒரு கீர்த்தனையின் முதல் சரணத்தை ஒரே ஆள் தனியாகப் பாட வேண்டும், யார் பாடுகிறீர்கள் என்று கொயர் மாஸ்டர் கேட்டிருக்கிறார்.

"கைய தூக்கிட்டேன் தம்பி. இத்தனை வருஷமா பிள்ளைகள கை தூக்கச் சொல்லித்தான் பழக்கம். நான் தூக்குனது இதான் மொதத் தடவை."

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணும் கை தூக்கியிருந்தாள். இருவரும் பழகி வாருங்கள், ஒத்திகையில் கேட்டு முடிவு செய்கிறேன் என்று மாஸ்டர் சொல்லி, கீபோர்டில் வாசித்த இசையைப் போனுக்கு அனுப்பியிருந்தார். டீச்சர் அந்த இசையை ஆப்பில் போட்டுப் பாடி எனக்கு அனுப்பினார். துபாயில் இருக்கும் மகன் கொடுத்துவிட்ட, வயர் இல்லாத புளூடூத்தைக் காதில் மாட்டிக்கொண்டு பாடுவதாகவும், இசை அம்புட்டுத் தெளிவாகக் கேட்பதாகவும் சொன்னார்.

அலங்காநல்லூரில் ஒரு களத்தில் வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டி நிழலில் உட்கார்ந்து கேட்டேன். குரல் நன்றாக இருந்தது. சொற்கள் ஒவ்வொன்றும் கரும்பலகையில் எழுதின மாதிரித் தெளிவு. ஒன்றுதான் இடித்தது. இசை முன்னால் போய்க்கொண்டிருந்தது, டீச்சர் பின்னால் வந்துகொண்டிருந்தார். அப்படியே சொன்னேன்.

"எம்புட்டுப் பின்னால?"

"கொஞ்சம்தான். பஸ் கிளம்புன பெறகு ஓடி வந்து ஏறுற மாதிரி இருக்கு."

அவர் முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் அனுப்பியதில் இடைவெளி குறைந்திருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் குறைந்தது. ஒருநாள் குரலும் இசையும் ஒட்டிக்கொண்டு வந்தன. "இப்ப சரியா வந்திருச்சு டீச்சர்" என்றேன். அன்றைக்கு எனக்கு நாளெல்லாம் நல்ல சந்தோஷம். நான் சொல்லி ஒரு காரியம் நடந்ததாக அதற்கு முன்னால் எனக்கு ஞாபகம் இல்லை.

ஒத்திகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது. டீச்சர் குரல் இறங்கியிருந்தது.

"முந்துறேனாம் தம்பி. ஒவ்வொரு வரியிலயும் கீபோர்டுக்கு முன்னால நான் போய் நிக்கிறேனாம். 'பஸ்ஸே இன்னும் எடுக்கல, அதுக்குள்ள விசில் அடிக்கிறீங்களேக்கா'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. பிள்ளைக சிரிச்சிருச்சுக."

அவரே தொடர்ந்தார்.

"அடுத்த ஞாயிறு இன்னொரு தடவ கேப்பாராம். அன்னைக்கும் முந்துனா அந்தப் பொண்ணுதான் பாடும், நான் தூணுப் பக்கம் போயிருவேன். ஓய்வுக்கு அப்புறம் எங்க போய் கை தூக்க?"

"ரெக்கார்டுல சரியாத்தான டீச்சர் இருந்துச்சு?"

"அதான் எனக்கும் புரியல. போன்ல கேட்டது போதும். நீ வீட்டுக்கு வா. நேர்ல கேளு."

மறுநாள் சாயங்காலம் போனேன். வண்டியூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. டீச்சரின் கணவர் ஓய்வு பெற்ற கிளார்க், எனக்கு 'சார்'. டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர், "வாங்க, நீங்கதான் அந்த வாத்தியாரா?" என்றார். டீச்சர் அவரை முறைத்துவிட்டு எனக்கு டீ கொண்டுவந்தார்.

முதலில் புளூடூத்தை மாட்டிக்கொண்டு பாடிப் பதிவு செய்தார். போட்டுக் கேட்டோம். இசையும் குரலும் சேர்ந்தே வந்தன. குறையே இல்லை. பிறகு அதைக் கழற்றச் சொல்லி, இசையைப் போனிலேயே சத்தமாக வைத்துப் பாடச் சொன்னேன். முதல் வரியிலேயே தெரிந்தது. டீச்சர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். மாஸ்டர் சொன்னதும் சரி, நான் கேட்டதும் சரி. இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும்? மறுபடி மாட்டினோம், கழற்றினோம். எனக்கு மண்டை காய்ந்தது.

"அந்தக் கருமத்த மாட்டிக்கிட்டுப் பாடுனா எப்படி வெளங்கும்?" என்றார் சார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏன், அதுக்கு என்ன?" என்றார் டீச்சர்.

"அது லேட்டு."

"என்னது லேட்டு?"

சார் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். கொஞ்சம் நெளிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். டிவி சத்தம் என்று டீச்சர் திட்டுவதால், ஒரு சமயம் அந்தப் புளூடூத்தை டிவியோடு சேர்த்து, தான் மாட்டிக்கொண்டு செய்தி கேட்டிருக்கிறார். செய்தி வாசிக்கிற பெண் வாயை மூடிவிடுவாள், அதன் பிறகுதான் கடைசிச் சொல் காதுக்கு வரும். கேபிளில்தான் கோளாறு என்று கேபிள்காரப் பையனைக் கூப்பிட்டுச் சண்டை போட்டிருக்கிறார். அவன் வயரை மாற்றினான், பெட்டியை மாற்றினான். ஒன்றும் சரியாகவில்லை. ஒருநாள் புளூடூத்தில் சார்ஜ் தீர்ந்து, டிவியின் சத்தத்திலேயே கேட்டபோது வாயும் பேச்சும் சரியாகச் சேர்ந்திருந்தன.

"இத எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னா நீ என்ன சொல்லுவ? அந்தப் பையன்கிட்டப் போயி மன்னிப்புக் கேளும்ப. அதான் கம்முனு இருந்துட்டேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இசை போனிலிருந்து கிளம்பி டீச்சர் காதுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. காதில் விழுந்த நேரத்துக்குச் சரியாகத்தான் அவர் பாடியிருக்கிறார். ஆப் குரலையும் இசையையும் ஒட்டும்போது அந்தத் தாமதம் டீச்சர் கணக்கில் ஏறிவிட்டது. அவர் ஒருநாளும் பின்னால் வரவில்லை. நான் சொன்னேன் என்று, முந்திப் பாட ஒழுங்காகப் படித்துக்கொண்டார்.

"அப்ப நான் மொதல்லயே சரியாத்தான் பாடியிருக்கேன்" என்றார் டீச்சர். முகத்தில் கோபமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

"ஆமா டீச்சர்."

"ரெண்டு பேருமாச் சேந்து என்னைய கெடுத்தீக" என்றார், எங்கள் இருவரையும் பார்த்து. "நீ சொல்லிக் கெடுத்த. இவரு சொல்லாமக் கெடுத்தாரு."

என்னிடம் வயர் வைத்த ஹெட்போன் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் கேட்காது, டேப் சுற்றி வைத்திருந்தேன். அதை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வாரம் காலையிலும் மாலையிலும் பாடி அனுப்பினார். தாமதம் போய்விட்டது, ஆனால் ஓடிப் பழகிய குரல் நிற்கவில்லை. மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்குகிற இடத்தில் நின்று, "இன்னும் முந்துறீங்க டீச்சர்" என்று சொன்னால், "நீதான ஓட வச்ச, நீயே நிப்பாட்டு" என்பார். எப்படி நிப்பாட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. மெதுவாகப் பாடச் சொன்னேன். பாட்டு இழுத்தது. தொடையில் தாளம் போடச் சொன்னேன். கையும் சேர்ந்து ஓடியது.

வழி அவருக்கே கிடைத்தது. வெள்ளிக்கிழமை வந்த பதிவில் ஓட்டம் இல்லை. கீபோர்டு ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சின்னதாக ஒன்று வாசிக்கும். அது முடிந்த பிறகு, அவசரமே இல்லாமல் டீச்சர் குரல் வந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அட்டெண்டன்ஸ் எடுத்தேன் தம்பி."

"என்னது?"

"வகுப்புல பேர் கூப்பிட்டா, பிள்ள 'உள்ளேன் டீச்சர்'னு சொல்ற வரைக்கும் அடுத்த பேருக்குப் போக மாட்டேன். தூங்குற பிள்ளையா இருந்தாலும் காத்திருப்பேன். அந்த மாதிரி, கீபோர்டு 'உள்ளேன் டீச்சர்'னு சொல்லட்டும்னு நின்னேன். சொன்ன பெறகுதான் வாயத் தொறந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையின்போது நான் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஊர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். உசிலம்பட்டி தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தியபோது செய்தி வந்திருந்தது. 'முதல் சரணம் எனக்கு. ரெண்டாவது அந்தப் பொண்ணுக்கு. அவளும் நல்லாத்தான் பாடுறா.' நான் இன்னொரு டீ சொன்னேன்.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் சர்ச்சுக்குப் போனேன். உள்ளே இடம் இல்லை. வாசல் பக்கம் செருப்புகளுக்கு நடுவே நின்று போனை உயர்த்திப் பிடித்தேன். டீச்சர் தூணை விட்டு முன்னால் வந்து நின்றார். பாடினார். சார் முதல் வரிசையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தான் பாடுவது போல உட்கார்ந்திருந்தார். பிறகு கேள்விப்பட்டேன், அன்றைக்கு மத்தியானம் கேபிள்காரப் பையன் வீட்டுக்கு ஒரு தட்டு கேக் போயிருக்கிறது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லையாம், தட்டை நீட்டிவிட்டு வந்துவிட்டாராம்.

நான் பதிவு செய்ததை டீச்சர் குழுவில் போட்டார். வழக்கம்போல, முதல் வரி முடிவதற்குள் பூங்கொத்துகள் வந்துவிட்டன. சாயங்காலம் எனக்குப் போன் செய்தார்.

"அவங்க கெடக்கட்டும். நீ முழுசா கேட்டியா? ஒண்ணு விடாம சொல்லு."

"கேட்டேன் டீச்சர். மூணாவது வரி ஆரம்பிக்கும்போது பின்னாடி ஒரு குழந்தை அழுதுச்சு."

"ஆமா."

"கீபோர்டு வாசிச்சு முடிச்சிருச்சு. நீங்க பாடல. அந்தக் குழந்தை நிப்பாட்டுற வரைக்கும் நின்னீங்க. கீபோர்டுக்காரரு அதயே மறுபடி வாசிச்சாரு."

"அதுவும் உள்ளேன்னு சொல்லட்டும்னு நின்னுட்டேன் போல" என்றார். "தப்பா தம்பி?"

"இல்ல டீச்சர். அந்த எடந்தான் நல்லாருந்துச்சு."