பிணையாளி என்று ஒரு பெயர்

போன வாரம் வியாழக்கிழமை நான் ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய்தான். ஆனாலும் உங்களிடம் சொல்லித் தொலைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

எங்கள் தோட்டத்தில் பத்து வருஷமாக வேலை செய்கிறவன் மாரப்பன். மகள் கல்யாணத்துக்கென்று தமிழ்நாட்டுப் பக்கமிருந்து இரண்டு மூட்டை அரிசியை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். மாநில எல்லை தாண்டி எங்கள் பக்கம் அரிசி கொண்டுவரப் பெர்மிட் வேண்டும்; அவனிடம் கிடையாது. வாளையார் செக்போஸ்ட்டில் பிடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், வியாழக்கிழமை பெண்ணின் அப்பன் லாக்கப்பில்!

காலை எட்டு மணிக்கு அவன் மனைவி ரங்கம்மாள் வந்து நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"ஏனுங்ண்ணா, கோர்ட்டுல ஜாமீன் கேக்கறாங்களாமா. நெலம் வெச்சிருக்கறவங்க கரம் கட்டுன ரசீதோட வந்து ஒரு கையெழுத்துப் போட்டா உட்டுருவாங்களாமுங்க. நீங்க ஒரு எட்டு வந்தீங்கன்னா..."

ஒரு கையெழுத்து. அவ்வளவுதானே? அவ்வளவுதானா? வாய்தாவுக்கு வராமல் அவன் எங்காவது போய்விட்டால், கோர்ட் யாரைப் பிடிக்கும்? மாரப்பன் நல்லவன். சந்தேகமே இல்லை. இருந்தாலும்... அந்த 'இருந்தாலும்' இருக்கிறதே, நாலெழுத்துப் படித்தவனுக்கு அது பெரிய வியாதி.

"ரசீத எங்கியோ வெச்சுட்டேன் ரங்கம்மா. தேடிப் பாக்கறேன். கெடச்சா உடனே வர்றேன்" என்றேன்.

நிலவரி ரசீது அலமாரியின் மேல் தட்டில் இருந்தது. எனக்கு நன்றாகவே தெரியும்.

அவள் போன பிறகு பேப்பர் படித்தேன். ஒரு வரி ஏறவில்லை. பதினொரு மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் ரசீதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தால்... வேலை முடிந்திருந்தது! வராந்தாவில் டேனியல் நின்றிருந்தார். எங்கள் ஊர் பம்ப்செட்டுகளையெல்லாம் ரிப்பேர் செய்கிறவர். சொத்து என்று பார்த்தால் ஐந்து சென்ட் நிலமும் அதில் ஓர் ஓட்டு வீடும். அதன் வரி ரசீதைக் காட்டி மாரப்பனுக்காகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"பயமா இல்லீங்களா?" என்றேன்.

"எங்க வேதத்துல, எபிரெயருக்கு எழுதின நிருபத்துல, ஏசுசாமிக்குப் பிணையாளின்னு ஒரு பேரு இருக்குதுங்க."

ரட்சகர், மேய்ப்பர் எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். இது எனக்குப் புதிது. "அப்படீன்னா?"

"ஜாமீன் நிக்கறவருன்னு அர்த்தமுங்க. வக்கீல் நமக்காகப் பேசுவாருங்க. பேசி முடிச்சு ஊட்டுக்குப் போயிருவாரு. பிணையாளி அப்படிப் போக முடியாதுங்க. நாம தவறுனா, நாம நிக்க வேண்டிய எடத்துல அவரு நிக்கோணும். ஏசுசாமி எல்லாருக்கும் அப்படி நின்னாருன்னு நாங்க நம்பறமுங்க."

"செரி, மாரப்பன் ஓடீட்டா?"

"நான் நிக்கறனுங்க. ஓடவே மாட்டான்னு முன்னாலயே தெரிஞ்சா பொறகு ஜாமீன் எதுக்குங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு என் சட்டைப் பை கனத்தது. நான் ஒருவருக்கும் ஜாமீன் நிற்க மறுத்தவனில்லை — ஓட மாட்டான் என்று எழுதிக் கொடுத்தால் நின்றிருப்பேன்!

ஞாயிற்றுக்கிழமை மாரப்பன் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தான். பார்க்கக் கண் நிறைந்தது. என்னைக் கையைப் பிடித்து இழுத்து முதல் பந்தியில் உட்கார வைத்தான். பக்கத்து இலையில் அவன் சம்பந்தி. அந்த மனுஷர் சும்மா இருக்கக் கூடாதா?

"ஏனப்பா, தோட்டத்துக்காரரு இவ்வளவு பக்கத்துல இருக்கறப்ப, ஜாமீனுக்கு மோட்டார் ரிப்பேர்காரரா வரோணும்?"

என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. மாரப்பன்தான் முந்திக்கொண்டான்.

"அப்படிச் சொல்லாதீங்க மாமா! அண்ணன் காலைல இருந்து ரசீதத் தேடியிருக்கறாரு. கெடச்ச நிமிசமே பஸ்ஸேறி ஓடியாந்துட்டாருங்க. எங்கண்ணனப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா?"

இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவமானமாக இருந்தது.

பந்தி நடுவில் மாரப்பன் எனக்கு ஜாமீன் நின்றான் — ரசீது எதுவும் கேட்காமல்!