மூடுபனியில் பெயர் கூப்பிட்டது

நடந்தவை வரிசைப்படி:

1. ஆகஸ்ட் விடுமுறையில், கண்டியிலிருந்து காலை ரயிலில் குருளைச் சாரணர் பன்னிரண்டு பேருடன் பாசறைக்குப் புறப்பட்டோம். எல்லாருக்கும் எட்டு, ஒன்பது வயது. ஒருவன் என் மகன் குமார்.
2. நாவலப்பிட்டியில் பத்துச் சதத்துக்குத் தேநீர் குடித்தேன்.
3. சிங்கமலைச் சுரங்கத்துக்குள் வெயிலோடு நுழைந்து, வெயிலில்லாமல் வெளியே வந்தோம்.
4. தலவாக்கலையில் இறங்கி, லொறியில் நாலு மைல் ஏறி, ஒரு தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் கூடாரம் அடித்தோம்.
5. மறுநாள் ஆறு பிள்ளைகளை மூடுபனியில் தொலைத்தோம். குமாரும் அதில் ஒருவன்.

ஐந்தாவதைத்தான் விரித்து எழுத வேண்டும்.

நான் கண்டியில் ஒரு மருந்துக் கடையில் மருந்து கலப்பவள். காயம் பட்டால் கவனிக்கப் பெற்றோரில் ஒருவர் வேண்டும் என்றார்கள், போனேன். இறங்கியதுமே பாசறைத் தலைவர் சிவலிங்கம் மாஸ்டர் சொல்லிவிட்டார்: “இங்க நீங்க யாருக்கும் அம்மா இல்லைங்க. எல்லாருக்கும் மிஸ்.”

குமார் அதை என்னைவிடக் கவனமாகக் கேட்டுக்கொண்டான். குளிரில் கம்பளி கேட்டபோதும் “மிஸ்” என்றே கேட்டான்.

மறுநாள் பிற்பகல் தடம் தேடும் விளையாட்டு. வெள்ளைத் துணி கட்டிய குச்சிகளைப் பார்த்துப் போக வேண்டும். வாய் திறக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது. முதலில் ஆறு பேர் போனார்கள். கொழுந்து எடுக்கும் பெண்களுக்குச் செடி நிரைகளைப் பிரித்துக் கொடுக்க, அவர்களை மேற்பார்க்கும் கங்காணியும் அதேபோல் துணிக் குச்சிகள் நட்டிருந்தது யாருக்கும் தெரியாது.

பனி இறங்கியது. போன ஆறு பேரும் திரும்பாததால் நான் தேடிச் சரிவில் இறங்கினேன். தேயிலைச் செடிகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. கீழே ஓடும் ஓயா என்ற சிற்றாறு தலைக்கு மேலே ஓடுவதுபோல் கேட்டது. நீட்டிய என் கை வேறு யாருடையதோ போல வெளுத்திருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வெள்ளைத் துணி. சரிவின் அடியில் பாறை வெட்டிய பள்ளம் இருப்பது எனக்குத் தெரியும்; பிள்ளைகளுக்குத் தெரியாது.

“குமார்!” என்று பலமுறை கத்தினேன். பதில் இல்லை.

பனிக்குள்ளிருந்து ஒரு கூடையும் அதற்குப் பின் ஒரு முகமும் வந்தன. காமாட்சி என்ற கொழுந்தெடுக்கும் பெண்.

“யாரத் தேடுறீங்க?”

“ஆறு புள்ளைங்க. கூப்பிட்டா பதில் சொல்லக் கூடாதுன்னு நாங்களே சொல்லி அனுப்பியிருக்கோம்.”

“நல்ல பள்ளிக்கூடந்தான்! எங்க வீட்டுல சொல்லிக் குடுக்காமலே பதில் சொல்ல மாட்டேங்குதுங்க.”

கண்ணுக்குத் தெரியாத பெண்கள் சிரித்தார்கள். அப்போது கங்காணி ஆட்களைச் சேர்க்கப் பெயர் கூப்பிடத் தொடங்கினார். “மாரியாயி!” “இருக்கேன்!” “செல்லம்மா!” “இருக்கேன்!” வெள்ளை வெளி முழுவதும் குரல்கள் முளைத்தன.

எங்கள் பிள்ளைகளும் காலையில் வரிசையாகப் பெயர் கூப்பிடும்போது இப்படித்தான் பதில் சொல்கிறார்கள்; அதே வரிசையில் கூப்பிட்டால் வாய் தானாகத் திறக்கும். முதலில் குமார் பெயர்தான் என் வாய்க்கு வந்தது. ஆனால் வரிசை மாறினால் அது அம்மாவின் குரலாகிவிடும். பட்டியலில் அவன் கடைசி.

“அருள்தாஸ்!”

சற்றுப் பொறுத்து, மேலேயிருந்து: “உள்ளேன் மிஸ்!”

“நசீர்!”

“உள்ளேன் மிஸ்!”

“நானும் உள்ளேன் மிஸ்!” என்றாள் காமாட்சி.

ஐந்து பெயர்கள், ஐந்து திசைகள். “குமார்!”

ஓயாவின் சத்தம் மட்டும். வழக்கமான குரலில் இன்னொரு முறை கூப்பிட்டேன்.

“உள்ளேன் மிஸ்.” மிகக் கீழேயிருந்து வந்தது.

“பாறைப் பக்கம்!” என்றார் கங்காணி.

“இருந்த இடத்திலேயே நில்!” என்றேன்.

பெண்கள் தங்கள் நிரைகளைப் பிடித்து இறங்கி, ஆளுக்கொரு பிள்ளையாகக் கொண்டுவந்தார்கள். குமாரைக் காமாட்சி கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

“கங்காணி, புது ஆளு ஆறு. பேர் போடுங்க!”

“கூடை எங்க? கூடை இல்லாட்டி அரைப் பேருதான்!” என்றார் அவர். அரைப் பேர் என்றால் அங்கே அரை நாள் கூலி.

இதை எழுதும்போது, திரும்பும் ரயில் கம்பளையைத் தாண்டிவிட்டது. வெளியே வீடு, வேலி, தென்னை எல்லாம் அதனதன் இடத்தில் தெளிவாக நிற்கின்றன. பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் இருக்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று மாஸ்டர் விதியை மாற்றிவிட்டார். குமார் என் தோளில் சாய்ந்து தூங்குகிறான். பாசறை கண்டி ஸ்டேசனில்தான் முடிகிறதாம். அதுவரை நான் மிஸ்.