முதுகுப் பக்கம் எறிந்த முள்ளுப்பழம்

இலங்கை மலையகத்தில், வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவுக்கு வரலாம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டியது. இப்போது துரை இல்லை, சுற்றுலாக்காரர்கள் தங்குகிறார்கள். அவ்வளவு பழைய கட்டடம் என்பதற்காகவே தேடி வருகிறார்களாம். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கும் அதே வயதுதான். அதைத் தேடி இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை.

போன ஏப்ரல் சீசனில் பங்களா குசினியில், சமையல் உதவிக்கு, ஓர் ஆள் குறைந்தது. நானும் கேட்டேன், என் ஓர்ப்படியும் கேட்டாள். ஓர்ப்படி என்றால் என் கொழுந்தனாரின் மனைவி. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பிராவில் குடித்தனம். எனக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும். கல்யாணத்துக்கு முந்தியே மழையில் நின்று தேயிலைக் கொழுந்து பறிக்க ஆரம்பித்தவள் நான். அட்டைகளுக்கு என் காலின் ருசி மனப்பாடம். கூரைக்கடியில், காய்ந்த சேலையில் நின்று ஒரு வேலை செய்து பார்த்துவிட வேண்டும், அதுதான் என் ஆசை. பெரிய ஆசை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஓர்ப்படிக்கு அப்படியொரு தவிப்பும் கிடையாது. "கெடைச்சாப் போவோம், கெடைக்காட்டி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவோம்" என்றாள். அவள் அப்படித்தான். நான் கூடையை நிரப்பி எடை போட்டுவிட்டு வரும்போது அவள் கூடையின் அடி தெரியும். திட்டலாம் என்று வாயைத் திறப்பதற்குள் சிரித்துவிடுவாள். அப்புறம் எங்கே திட்டுவது.

குசினிக்காரர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, துரைமார் காலத்தில் பங்களாவில் சாயங்காலத் தேத்தண்ணிக்கு என்ன வைத்தார்களோ அதையே தனக்கும் வைக்கச் சொல்லியிருந்தார். கேக்கும் அதன் மேலே கறுப்பு முள்ளுப்பழமும்.

"ரெண்டு பேரும் போய்ப் பழம் கொண்டாங்க. யாரு பழம் கேக்கு மேல ஏறுதோ அவங்களுக்கு வேலை" என்றார் குசினிக்காரர்.

முள்ளுப்பழத்தை எங்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தேயிலை முடியும் இடத்தில், ஓடைக்கரையில், அது தன்பாட்டில் வளர்கிறது. முதலில் சிவந்து பிறகு கறுக்கும். துரைமார் கொண்டுவந்து நட்டதா, மலையிலேயே இருந்ததா என்று எனக்குத் தெரியாது. வேலை நேரத்தில் ஒருத்தி காணாமல் போனால், "முள்ளுப்பழம் பாக்கப் போயிருக்கு" என்பார்கள். கங்காணி அதற்கு ஒரு சோதனையும் வைத்திருந்தார். திரும்பி வந்தவள் நாக்கை நீட்ட வேண்டும். நாக்கு ஊதாவாக இருந்தால் பேச்சுக்கு இடமில்லை. என் ஓர்ப்படி கல்யாணமாகி வந்த புதிதில், ஒரு மலையே வேடிக்கை பார்க்க, நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். நீட்டியபடியே சிரிக்கவும் செய்தாள்.

ஓடைக்கரைக்குப் போனோம். நான் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு போனேன். அவள் எடுத்து வந்தது மகளின் சாப்பாட்டுப் பெட்டியை. அதைப் பார்த்ததுமே வேலை எனக்குத்தான் என்று முடிவுகட்டி, மனதுக்குள் குசினியில் அடுப்புப் பக்கமாக ஓர் இடத்தையும் பிடித்துவிட்டேன்.

பறிக்க ஆரம்பித்தேன். முள் குத்தியது, கவலையில்லை. இரண்டு கையும் நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிவேன். கொழுந்து பறிப்பவள் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. கண் முன்னால் இருக்கும், கூடை முதுகில் இருக்கும், நடுவில் கை தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். கொழுந்து பறிக்கிற எங்கள் கூட்டத்தில் என் கைக்கு ஒரு மரியாதை உண்டு. அந்தக் கையை அன்று கொஞ்சமும் அடக்கிவைக்கவில்லை.

ஓர்ப்படியோ ஒரு பழத்தைப் பறிப்பாள், உருட்டிப் பார்ப்பாள், வாயில் போடுவாள். அடுத்ததைப் பறிப்பாள், பெட்டியில் வைப்பாள். எறிவதில்லை, வைப்பாள்.

"இப்படிப் பறிச்சா விடிஞ்சிரும்டி" என்றேன்.

"பழம் எங்கக்கா ஓடிப் போகப்போகுது?"

கூடை நிறைந்தது. கூடை நிறைந்தால் நாங்கள் என்ன செய்வோம்? இறக்கி வைத்து, இரண்டு கையாலும் நன்றாக அமுக்கி, இன்னும் கொஞ்சம் போடுவோம். அதையும் செய்தேன்.

பங்களாவுக்கு ஏறும்போது முதுகு சில்லென்றிருந்தது. வானத்தைப் பார்த்தேன். மழையில்லை. வியர்வை என்று நினைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டுமென்று வேகமாக நடந்தேன். குசினிக் கதவருகே திரும்பிக் கூடையை இறக்கியபோது குசினிக்காரர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்னம்மா, யாரும் வெட்டிப்புட்டாங்களா?"

சேலையின் பின்பக்கம் முழுவதும் சிவப்பும் ஊதாவுமாக ஒழுகிக்கொண்டிருந்தது. கூடைக்குள் ஒரு பழம்கூடப் பழமாக இல்லை. கொழுந்தை எவ்வளவு அமுக்கினாலும் அது கொழுந்தாகவே இருக்கும் என்பதும், இது கொழுந்து இல்லை என்பதும் அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. எனக்குப் பின்னால் ஓர்ப்படி ஆடி அசைந்து வந்து பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு பழமும் முழுசாக, பனி துடைத்தது போல் பளபளத்தது. அவள் நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் பழம் கேக்கின் மேலே ஏறியது. என் கூழைக் கொட்டிவிடவும் குசினிக்காரருக்கு மனம் வரவில்லை. சீனி போட்டுக் கிண்டி ஜாமாக்கி, ஒரு கிண்ணத்தில் மேசை ஓரமாக வைத்தார். வெள்ளைக்கார அம்மா கேக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஜாமைத் தின்றார். ரொட்டியில் தடவித் தின்றார், வெறும் கரண்டியாலும் தின்றார். இதைச் செய்தது யார் என்று கேட்டு எங்களை வெளி விறாந்தைக்குக் கூப்பிட்டார். என் முதுகைப் பார்த்துக் கை தட்டினார். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்லக் கூட வந்திருந்த வழிகாட்டி தமிழில் சொன்னார்.

"அந்தக் காலத்துல இவங்க ஊருல வேலிக்கு வேலி இந்தப் பழந்தானாம். எது மலிஞ்சு கெடந்தாலும், இந்தப் பழம் மாதிரி கெடக்குன்னு சொல்லுவாங்களாம். இது காய்க்கிற மாசத்துல பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களே இருக்காதாம். எங்கன்னு கேட்டா, பழம் பறிக்கப் போயிருக்குன்னு சொல்லுவாங்களாம்."

"அவங்க கங்காணியும் நாக்கை நீட்டச் சொல்லுவாரான்னு கேளுங்க" என்றாள் ஓர்ப்படி. வழிகாட்டி அதை அந்த அம்மாவிடம் கேட்கவில்லை.

எனக்கு அந்த 'மலிஞ்சு கெடந்தது'தான் மனதில் நின்றது. அந்தக் காலத்தில்தான் எங்கள் ஆட்களும் இந்தியாவிலிருந்து காடும் மேடும் நடந்து இந்த மலைக்கு வந்தார்கள். வழியில் ஒருத்தர் விழுந்து செத்தால் இன்னொருத்தர் இருக்கிறார் என்று இந்த விறாந்தையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தவர்கள் நினைத்திருப்பார்கள். அந்த அம்மாவிடம் இதைச் சொல்லத் தோன்றியது. நல்ல மனுஷி, ஜாமும் இன்னும் முடியவில்லை, விட்டுவிட்டேன்.

உள்ளே வந்ததும் குசினிக்காரர் ஒரே பேச்சில் முடித்தார். "சொன்ன சொல்லு சொல்லுதான். குசினிக்குச் சின்னவ." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் ஒரு வேலை இருக்கும்மா."

அந்த ஒரு மூச்சு நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், கண்ணே கலங்கிவிட்டது.

"இந்த ஜாம் இனிமே தெனமும் வைக்கணுமாம். பழம் முடியிற வரைக்கும் நாளைக்கு ஒரு கூடை கொண்டாங்க. அமுக்கியே கொண்டாங்க, எனக்கு மசிக்கிற வேலை மிச்சம். உங்க கை வேகம் வேற யாருக்கு வரும்?"

ஜென்மத்தில் யாரும் என் கையை அப்படிப் புகழ்ந்ததில்லை. அந்தக் கையாலேயே அவரை ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. மெதுவாகப் பறித்தவளுக்குக் கூரை, வேகமாகப் பறித்தவளுக்கு முள். இருந்தாலும் "சரிண்ணே" என்றேன். பாழாய்ப்போன கைக்கு அந்தப் புகழ்ச்சி பிடித்துத்தான் இருந்தது.

மறுநாள் ஓடைக்கரையில் பாதிக் கூடை சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நிரப்பி, அமுக்கி, தலையில் மழைக்குப் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு பங்களாவுக்கு ஏறினேன். குசினிக் கதவு திறந்திருந்தது. உள்ளே அடுப்பு எரிந்தது, கேக் வாசம் வந்தது. ஓர்ப்படி காய்ந்த சேலையின் மேல் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு, ஒரு கையில் துடைக்கிற துணியோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டே வாசற்படியில் கால் வைத்தேன்.

"அக்கா, அங்கேயே நில்லுங்கக்கா" என்றாள். "இப்பத்தான் தரையைத் தொடைச்சேன்."