தீர்த்தமலைக்கு ஒரே ஒரு மாற்றுப்புடவையோடு

இந்த வருடம், 1986 தை மாதம், தீர்த்தமலைக்குப் போனோம். கல்யாணமாகி நான்கு ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. நான் ராமர் தீர்த்தத்தின் கீழ் நின்று குளிக்க வேண்டும் என்று என் கணவரின் அத்தை வேண்டிக்கொண்டிருந்தார்.

கணவருக்குப் பிறவியிலேயே தலசீமியா, மிதமானது. ரத்தம் பத்தாத உடம்பு என்ற அளவில் அத்தைக்கும் தெரியும். அவ்வப்போது ரத்தம் ஏற்றியதில் உடம்பில் இரும்பு தேங்கி விந்தணுக்களைக் குறைத்திருக்கலாம் என்று சேலம் டாக்டர் சொன்னதுதான் தெரியாது. அந்தச் சேதத்தைத் தணிக்கிறதா என்று பார்க்க, தினம் ஒரு விட்டமின் ஈ மாத்திரை, மூன்று மாதத்துக்கு. உறுதி எதுவும் தரவில்லை. எனக்குக் குறையில்லை என்றும் சொல்லியிருந்தார். வீட்டில் சொல்ல இவர் கூசினார், நானும் வற்புறுத்தவில்லை. ஊர்ப்பேச்சு என்மேலேயே விழுந்தது.

காலை ஆறு மணி ரயிலில் சேலத்திலிருந்து பொம்மிடி. அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம், அரூர். அத்தை முருங்கைக்கீரைப் பொரியலோடு காத்திருந்தார். இவர் கீரையை ஒதுக்கிவிட்டுச் சாப்பாட்டோடு டீ குடித்தார். இரும்பு சேராமலிருக்க டாக்டர் சொன்ன வழி அது.

"ரத்தம் ஊறட்டும்னு செஞ்சா, சோத்துக்கு டீயத் தொட்டுக்கறான் பாரு" என்றார் அத்தை.

அத்தையும் கூட வந்தார். அரூரிலிருந்து பதினாறு கிலோமீட்டர், ஒன்றரை ரூபாய் டிக்கெட். "திரும்பறதுக்கு மூணு மணி பஸ்ஸ வுட்டா அஞ்சரைக்குத்தானுங்க" என்றார் கண்டக்டர். மலையேற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

உயரப் பாறையிலிருந்து தீர்த்தம் மெல்லிய சரமாக விழுந்துகொண்டிருந்தது. அத்தை என் தோளைத் தொட்டார்.

"போயி நில்லு கண்ணு. கொறை எதுவானாலும் கழுவிக்கிட்டுப் போயிரும்."

நான் செருகிய முந்தானையோடு நடந்தேன். பின்னால் இவர் குரல் கேட்டது.

"கொறை அவகிட்ட இல்லீங்க அத்தை. எங்கிட்ட. டாக்டரே சொல்லிட்டாரு. மாத்திரை சாப்டறேன்."

அத்தை இவர் பக்கம் திரும்பினார்.

"இத்தன நாளு அவள ஏண்டா பேச்சு வாங்க வெச்ச?" என்றார். பிறகு, "சட்டையக் கழட்டு. நீயும் போயி நில்லு."

இருவரும் நின்றோம். தண்ணீர் பல் கிட்டும் குளிர். இவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாத்திரை முடிய இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அதன் பிறகு என்ன என்று தெரியவில்லை. ஆனால் அன்று இறங்கும்போது மனம் லேசாக இருந்தது.

போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன் ஏறுங்கள். வாழைப்பழத்தைக் குரங்குகள் கண்ணில் காட்டாதீர்கள். மூன்று மணி பஸ்ஸை விடாதீர்கள். மாற்றுத்துணி இருவருக்கும் எடுத்துப் போங்கள். நாங்கள் எனக்கு மட்டும்தான் எடுத்துப் போயிருந்தோம். நான் குளித்த புடவையைப் பாறையில் காயவைத்து, இவர் அரூர் வரை அதைப் போர்த்திக்கொண்டு வந்தார்.