எட்டு மணிக்கு வரும் போன்

“சும்மா நல்லா இருக்கேன்னு சொல்லாதீங்க. கண்ணாடி முன்னாடி போய் நில்லுங்க. நான் லைன்லதான் இருக்கேன்.”

ஒரு காலில் வீட்டுச் செருப்பு, மறு காலில் வேலைக்கான வெள்ளைக் காலணி. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நிற்கிறார் நர்ஸம்மா. காலை எட்டு மணி. மறுமுனையில் இருப்பவர் முந்தைய நாள் முகத்தில் ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டவர்.

“விரலால கன்னத்தை அழுத்தி எடுங்க. வெளுத்த இடம் டக்குனு பழைய நிறத்துக்கு வருதா? ரெண்டு பக்கமும் ஒண்ணு போலவா? சரி. இப்ப நீங்க நல்லா இருக்கீங்க. நான் சொல்றேன்.”

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது அந்தத் தோல் மருத்துவமனை. வயதாலோ நோயாலோ ஒட்டிப்போன கன்னத்தை ஜெல் போன்ற மருந்தால் நிரப்புவது டாக்டர். அதற்குப் பிறகு அந்தக் கன்னம் நர்ஸம்மாவின் பொறுப்பு. இருபத்திரண்டு வருட அனுபவம். உடன் வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘விசாரணைக் கமிஷன்’. அது அவருக்கும் தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.

ஊசி போட்டுக்கொண்டவர் யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போகுமுன் அவரிடம் பாடம் கேட்க வேண்டும். “முகத்தைத் தேய்க்காதீங்க, அமுக்காதீங்க. ரெண்டு நாளைக்கு ஓட்டம், ஜிம், ஆவி பிடிக்கிறது எதுவும் வேண்டாம். வீக்கம் வரும், லேசா கன்னிப்போகும். அது தானா போயிடும். ஆனா வலி ஏறிக்கிட்டே போனாலோ, தோல் வெளுத்தாலோ, திட்டுத்திட்டா நீலம் பாரிச்சாலோ, கண்ணு மங்கினாலோ நேரம் பாக்காம கூப்பிடணும். எங்க, திருப்பிச் சொல்லுங்க?” ஒரு வங்கி மேலாளர் மூன்று முறை ஒப்பித்த பிறகே வெளியே விடப்பட்டார்.

நர்ஸம்மாவின் சொந்த முகத்தில் கோடுகளுக்குக் குறைவில்லை. இலவசமாகவே சரிசெய்து தருவதாக டாக்டர் பலமுறை சொல்லிவிட்டார். “ஐயோ வேணாம் டாக்டர், எனக்கு ஊசின்னா பயம்” என்று மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

இவரை நான் அறிந்துகொண்டது என் அக்காவால். அக்கா பள்ளி ஆசிரியை. ஒரு வருடம் படுக்கையில் கிடந்து எழுந்தவள். வகுப்பறையிலும் பேருந்திலும் பார்ப்பவர்கள் எல்லாம், “என்ன டீச்சர், உடம்பு சரியில்லையா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். “நோய் போயிடுச்சுடா தம்பி. மூஞ்சிக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரலை” என்று சிரித்தாள். பிறகு ஒரு மாலை போய் ஃபில்லர் போட்டுக்கொண்டு வந்தாள்.

மறுநாள் எட்டு மணிக்கு போன் வந்தபோது அக்கா கன்னத்தில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் வலி இருக்கு சிஸ்டர். பொறுத்துக்கலாம்.”

“பொறுக்கிறது இருக்கட்டும். நேத்து சாயந்திரத்தை விடக் கூடவா, கம்மியா?”

அக்கா தயங்கினாள். “கூடத்தான்.”

கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாள். இடது கன்னத்திலிருந்து மூக்கோரம் வரை வெளுத்திருந்தது. அதைச் சுற்றி வலை பின்னியதுபோல நீலம். விரலால் அழுத்தி எடுத்தாள். வெளுப்பு அப்படியே நின்றது. பார்த்ததைச் சொல்லிவிட்டு, “முதல் பீரியட்ல பரீட்சை இருக்கு. முடிச்சிட்டு வந்துடறேனே?” என்றாள்.

ஸ்பீக்கரில் நர்ஸம்மாவின் குரல் தணிந்தது. “டீச்சர், ஐஸை எடுங்க. தம்பியை வண்டி எடுக்கச் சொல்லுங்க. இன்னிக்குப் பரீட்சை உங்களுக்குத்தான்.”

இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். கீழே நர்ஸம்மா லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே டாக்டர் தயாராக இருந்தார். ஜெல் ரத்தக் குழாயை அடைத்துவிட்டது, ரத்தம் போகாமல் விட்டால் தோல் செத்துவிடும் என்றார் அவர். ஜெல்லைக் கரைக்கும் மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். மணிக்கொரு தடவையாக மூன்று முறை. இடையிடையே நர்ஸம்மா வெதுவெதுப்பான துணியை மாற்றி மாற்றி வைத்தார். அக்காவின் நகம் அவர் மணிக்கட்டில் பதிந்திருந்தது. கையை எடுக்கவில்லை.

“எல்லாருக்கும் இப்படித்தான் போன் பண்ணுவீங்களா?” என்று கேட்டேன்.

“முன்னாடி வேலை பாத்த இடத்துல ஒருத்தங்க இப்படித்தான் வலியைப் பொறுத்துக்கிட்டே வீட்ல இருந்துட்டாங்க. மூணாம் நாள்தான் வந்தாங்க. மூக்கோரத்துல தழும்பு நின்னுடுச்சு. திட்டல, கத்தல. ‘நீங்க ஒரு போன் பண்ணியிருக்கலாமே சிஸ்டர்’னு மட்டும் கேட்டாங்க.” துணியை மறுபடி வெந்நீரில் நனைத்துப் பிழிந்தார்.

நண்பகல் ஆனபோது மூக்கோரத்தில் மெல்லச் சிவப்பு ஏறியது. “வந்துடுச்சு” என்றார் நர்ஸம்மா. டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

அடைப்போடு சேர்த்து, கன்னத்தை நிரப்பியிருந்த ஜெல்லையும் மருந்து கரைத்திருந்தது. கன்னம் மறுபடி குழி விழுந்தது. “சரியானப்புறம் வேணும்னா யோசிக்கலாம் டீச்சர்” என்றார் நர்ஸம்மா.

“பள்ளம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும் சிஸ்டர். மூஞ்சி முழுசா இருக்கே, அது போதும்.”

இரண்டு வாரம் தினமும் எட்டு மணிக்கு எங்கள் வீட்டு போன் ஒலித்தது. மூக்கோரத்தில் தோல் லேசாக உரிந்து, தழும்பில்லாமல் ஆறியது. இனி வர வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று, அக்கா வாசல்வரை போனவள் திரும்பி ஓடிவந்து நர்ஸம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஒரு வருட நோயில் அழாதவள், அங்கே அழுதாள்.

நர்ஸம்மா ஒரு கையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். மறு கையால் அவள் தாடையைப் பிடித்து, முகத்தை மெதுவாக ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார்.