கை எடுக்கும் நேரம்

மெஷினை ஓட்டும் மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்கு புரோகிராம் எழுதுவது என்றால் பாதி நேரம் வேலையை விட்டுப் போனவர் எழுதியதைப் படித்துத் திட்டுவதுதான். இதே தொழிலில் அவதிப்படும் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின்கள் ஓடும் தொழிற்சாலை எங்களுடையது. யூனியன் வேலை பார்த்ததற்குத் தண்டனையாக என்னைக் கன்ட்ரோல் பேனல் அறைக்கு மாற்றினார்கள். துண்டறிக்கைகளில் உலக அரசியலைக் கற்றவனுக்கு ஒரு மேனுவல் எம்மாத்திரம்?

அனாமத்து எண்

தகட்டை வைத்துக் கையை எடுத்தபின் பிரஸ் சற்றுத் தாமதித்து இறங்க வேண்டும். அந்தத் தாமதம் போதவில்லை என்றார், பழவேற்காட்டிலிருந்து வரும் ஆபரேட்டர் காசிம் பாய். பழைய புரோகிராமில் 500 மில்லி செகண்ட் கண்ட இடத்திலெல்லாம் கிடந்தது. எது கையை எடுப்பதற்கு, எது பேனல் விளக்கு மினுக்குவதற்கு என்பது எழுதியவருக்கே வெளிச்சம். தேடித் தேடி 800 ஆக்கினேன். இன்னும் ஒன்று எங்கோ ஒளிந்திருந்தது. சோதனைக்குக் குச்சியால் தகட்டைத் தள்ளியபோது பிரஸ் பழையபடியே இறங்கிக் குச்சியை நறுக்கியது. காசிம் பாய் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இன்னா தலைவரே, ஸ்ட்ரைக் பண்ணி க்ளவுஸ் வாங்கிக் குட்த்த. மாட்டிக்க வெரலு வாணாவா?"

பெயர் சூட்டல்

அன்றே அந்த எண்களையெல்லாம் தூக்கினேன். புரோகிராமின் தலையில் 'டிஃபைன்' என்று ஒரே வரி: ஆங்கில எழுத்தில் 'கை எடுக்கும் நேரம்', பக்கத்தில் 800. கீழே அந்தத் தாமதம் வரும் இடத்திலெல்லாம் அந்தப் பெயர்தான். மாற்றினால் ஒரே இடத்தில் மாற்றலாம்.

வேப்பம்பட்டிலிருந்து ரயில் மாறி வரும் என்ஜினீயர் வசந்தி, 'டிலே ஒன்' என்றால் போதாதா என்று கேட்டார். போதாது. பெயரில்லாத உரிமையை எவனும் சத்தமில்லாமல் வெட்டுவான். வசந்தி திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், இது புரோகிராமா, கேட் மீட்டிங் நோட்டீஸா?"

மேனேஜர் உட்கார்ந்தார்

ஒரே இடத்தில் மாற்றலாம் என்பது மேனேஜர் காதிலும் விழுந்தது. ஆர்டர் குவிந்திருந்த சமயம். "அந்த டிலேயை முந்நூறாக்குங்க, பீஸ் கூடும்" என்று வந்து நின்றார். மறுத்தால் வேறு ஆளை வைத்துச் செய்துவிடுவார். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். "உங்க கையாலேயே அடிங்க சார்."

உட்கார்ந்தார். வரியை வாய்விட்டுப் படித்தார்: கை எடுக்கும் நேரம். பக்கத்தில் காசிம் பாய் க்ளவுஸைக் கழற்றியபடி நின்றார். கீபோர்டுக்கு மேலே போன விரல் அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பியது. எழுந்து போகும்போது மேனேஜர் சொன்னார்:

"இது இப்படியே இருக்கட்டும். டீ டைம்னு ஏதாவது வெச்சிருந்தா அதைக் குறைங்க."

மறுநாள் டீ நேரத்தை நிஜமாகவே குறைத்துவிட்டார். இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியும் மசியாத நிர்வாகம் ஒரு வரிக்கு மசிந்த பெருமையை, அரை டம்ளர் டீயை அவசரமாக விழுங்கிக்கொண்டே அனுபவிக்கிறேன்.