சுண்டுவிரலில் சுற்றிய உல்லன்

முதலில் கெட்டது ஒரு யானையின் பின்னங்கால்தான். என் மகன் ஆனந்துக்கு நான்கு வயது நிறையப்போகும் சமயம். அவனுக்காகச் சாம்பல் நிற உல்லனில் யானை பொம்மை பின்னிக்கொண்டிருந்தேன். மூன்று கால்கள் இறுக்கமாக வந்தன. நான்காவது காலில் கண்ணிகள் அகன்று, திணித்த பஞ்சு வெளியே தெரிந்தது. பிரித்துப் பின்னினேன். மறுபடியும் அப்படியே வந்தது. கடைக்காரன் மட்டமான உல்லனைத் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்தேன்.

பின்னத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நூலை வலது கைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றித்தான் ஊசிக்கு விடுவோம். இழுப்பு போதுமா என்று அந்த விரலுக்குத்தான் தெரியும். என் விரலுக்குத் தெரியாமல் போயிருந்தது.

அது எண்பதுகளின் தொடக்கம். பூனாவில் கேம்ப் பகுதியில் இருந்தோம். என் கணவர் ராணுவ அலுவலகம் ஒன்றில் எழுத்தர். பாளையங்கோட்டையிலிருந்து அவருடைய அப்பா காலத்திலேயே வந்து சேர்ந்த குடும்பம். நான் பக்கத்து நர்சரிப் பள்ளியில் பாடம் நடத்தினேன். மூத்தவள் பிரேமாவுக்கு ஏழு வயது. பிள்ளைகளுக்கு நான் கடையில் பொம்மை வாங்கியதில்லை. கரடி, வாத்து, நரி எல்லாம் என் கையாலேயே பின்னியவை.

ஒரு காலை, டீ போட்ட பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, கை" என்றாள் பிரேமா.

வலது கையின் ஓரம் முழுக்கக் கொப்புளம் எழும்பியிருந்தது. துணி இல்லாமல் பாத்திரத்தைப் பிடித்திருக்கிறேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. முன்கையில் இரண்டு வருடமாக ஒரு வெளிறிய திட்டு இருந்தது. தேமல் என்று களிம்பு தடவி வந்தேன். அன்றுதான் இரண்டையும் சேர்த்து யோசித்தேன்.

தோல் மருத்துவர் ஒருவர் பார்த்துவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த ஒரு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்தவர் ஒரு மராத்திப் பெண் டாக்டர். என்னிடம் இந்தியில் பேசுவார்.

"கண்ணை மூடிக்கோங்க. பஞ்சு படுற இடத்தை இன்னொரு கையால தொட்டுக் காட்டுங்க."

மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

"ஆரம்பிக்கலாம் டாக்டர்" என்றேன்.

"முடிஞ்சுபோச்சு" என்றார்.

முழங்கையின் உட்புறத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். அல்னார் நரம்பு (முழங்கை வழியாகச் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இறங்கும் நரம்பு) கயிறுபோல் தடித்திருந்தது. காது மடலில் சிறு கீறல் போட்டுச் சாறு எடுத்துச் சோதித்தார்கள். அடுத்த வாரம் முடிவைச் சொன்னார். தொழுநோய்.

"இதுக்கு மருந்து இருக்கு. புதுசா மூணு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறோம். கொஞ்ச வாரத்திலேயே உங்ககிட்டேயிருந்து யாருக்கும் பரவாது. தட்டு, டம்ளர் தனியா வைக்க வேண்டாம். பிள்ளைகளைப் பிரிக்க வேண்டாம். சோதனைக்கு மட்டும் கூட்டிட்டு வாங்க."

என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். வெளியே வந்து தன் நீல ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். நான் ஏறி, வழக்கம்போல் அவர் தோளில் கை வைத்தேன்.

"பின்னால ஸ்டெப்னியைப் பிடிச்சுக்கோ" என்றார்.

நான்கு நாளில் பிள்ளைகளை ஊரின் கிழக்கே ஹடப்சரில் இருந்த தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டார். சோதனையில் இருவருக்கும் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் அவர்கள் திரும்பவில்லை. அங்கே நான் போகக் கூடாது என்று மதினி சொல்லியனுப்பினாள். பள்ளியில் என்னை வர வேண்டாம் என்றார்கள். காரணத்தை நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

க்ளோஃபாசிமின் (தோலில் நிறம் ஏற்றும் மாத்திரை) மூன்றே மாதத்தில் என் முகத்தைக் கருஞ்சிவப்பாக்கியது. மருந்து நிறுத்தினால் மெல்லப் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதிர் வீட்டுக்காரிக்கு அதைச் சொல்ல முடியுமா? என்னைக் கண்டதும் அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். இந்த மாத்திரையைச் சாப்பிடப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நோயைவிட மருந்துதான் நம்மை முதலில் காட்டிக்கொடுக்கிறது. ஆனாலும் நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் வேலை குறைந்துவிட்டது. பின்னினேன். ஒட்டகம், ஆமை, குதிரை, முயல். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து என் கணவர் ஹடப்சருக்குப் போவார். முடித்த பொம்மையைத் துணிப்பையில் போட்டுக் கொடுப்பேன். அவர் திரும்பும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஆனந்த் என்ன சொன்னான்?"

"ஒட்டகத்தை ஸ்கூலுக்குக் கொண்டு போவேன்னு ஒரே அடம். அக்காதான் பிடுங்கி வச்சா."

"பிரேமா?"

"முயலுக்கு ஒரு ஜோடி வேணுமாம். கிறிஸ்மஸுக்குள்ள கேக்கா."

வாரத்தில் எனக்குக் கிடைத்த உணவு அதுதான். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் நுணுக்கமாகச் சொல்வார். ஆமையின் ஓட்டை ஆனந்த் தொப்பியாகப் போட்டுக்கொண்டான் என்றார் ஒரு முறை. அந்த வாரம் முழுவதும் அதையே நினைத்துச் சிரித்தேன்.

சுண்டுவிரலில் ஒரு சுற்றுக்கு நூல் நிற்கவில்லை. மூன்று சுற்றுச் சுற்றினேன், இறுக்கமாக. டாக்டர் எச்சரித்திருந்தார். உணர்வில்லாத விரலை அரை மணிக்கு ஒரு முறை நிறுத்திப் பார்க்க வேண்டும், சிவந்திருந்தால் அன்றைக்கு வேலையை விட்டுவிட வேண்டும் என்று. நான் பார்க்கவில்லை. வலி இல்லாதபோது பார்க்க வேண்டும் என்று தோன்றுவதில்லை. கிறிஸ்மஸுக்கு இரண்டு வாரமே இருந்தது. இரண்டாவது முயலுக்குக் காது பாக்கி.

ஒரு நாள் நாற்றம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று அலமாரிக்குப் பின்னால் தேடினேன். நாற்றம் என் கையிலிருந்து வந்தது. உல்லன் விரலைச் சுற்றி அறுத்து, பள்ளம் விழுந்து, சீழ் வைத்திருந்தது. சாம்பல் நூலில் அது தெரியவே இல்லை.

எலும்புவரை போய்விட்டது என்றார் டாக்டர். சுண்டுவிரலின் மேல் கணுவை எடுத்துவிட்டார்கள். மரத்துப்போகும் ஊசிகூட அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

"எதுக்கு இப்படிப் பண்ணினீங்க?" என்று கேட்டார்.

"பெரியவ முயல் கேட்டா டாக்டர்" என்றேன்.

அதன்பின் கை மடங்கிவிடாமல் இருக்க வாரம் ஒரு முறை மெழுகு ஒத்தடத்துக்குப் போனேன் (உருக்கிய மெழுகில் கையை முக்கி எடுத்து, விரல்களை நீவி நீட்டும் சிகிச்சை). மருத்துவமனைச் சுவருக்கு அடுத்து நோயாளிகளின் குடும்பங்கள் தங்கும் குடிசைகள் இருந்தன. பிப்ரவரியில் ஒரு நாள், என் முறைக்காக வேலியோரம் உட்கார்ந்திருந்தேன். நான்கு வயதுப் பெண்குழந்தை ஒன்று ஒட்டகத்தைக் காலைப் பிடித்து மண்ணில் இழுத்துக்கொண்டு வந்தது.

பழுப்பு உல்லன் தீர்ந்துபோய், திமிலின் உச்சியை மஞ்சளில் முடித்திருந்தேன். அந்த மஞ்சள் அப்படியே இருந்தது.

அதன் தாயிடம், இது எங்கே கிடைத்தது என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் கேட்டேன். அவளுக்குக் கையில் விரல்கள் பாதிதான் இருந்தன.

"நீல ஸ்கூட்டர் சாஹேப் கொடுப்பார்" என்றாள். "ஞாயிற்றுக்கிழமை வருவார். இறங்க மாட்டார். பையை வேலிக்கு இந்தப் பக்கம் போட்டுவிட்டுப் போவார். நல்ல மனுஷன். இங்கே எல்லாப் பிள்ளைகளிடமும் ஒன்று இருக்கிறது. முயல் இரண்டு வந்தது."

நான் செய்ததை மறைக்கப் போவதில்லை. அந்தக் குழந்தையின் கையிலிருந்து ஒட்டகத்தைப் பிடுங்கிக்கொண்டேன். அது வீறிட்டு அழுதது. தாய் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிடுங்கப்படுவது அவளுக்குப் பழகியிருந்தது. ஒத்தடத்துக்கு நிற்காமல் பஸ் ஏறினேன்.

மாலையில் என் கணவர் வந்தபோது ஒட்டகம் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. இரண்டடி பின்னால் போனார்.

"அதை முதல்ல வெளிய வை" என்றார். "யார் யாரு தொட்டதோ."

"நான் தொட்டதுதான்."

நாற்காலியை மேசையிலிருந்து தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். காலணியைக் கழற்றவில்லை.

"ஒண்ணுகூட அங்க போகலையா?"

"அக்கா வீட்டுக்குள்ளயே விடமாட்டேன்னுட்டா. குப்பையில எறிய எனக்கு மனசு வரல. அவங்களுக்கு ஏற்கெனவே இருக்கு. புதுசா என்ன வந்துரப் போகுது?"

"பிரேமா முயலுக்கு ஜோடி கேட்டான்னு சொன்னீங்க."

"நீ வாரா வாரம் கேட்டே. ஏதாவது சொல்லணும்லா."

விரல் குறைந்த கையை மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் புனைந்து சொல்லவில்லை.

மறுநாள், என்னிடமிருந்து இனி யாருக்கும் பரவாது என்று டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு ஹடப்சருக்குப் போனேன். மதினி வாசலை மறித்து நின்றாள். கடிதத்தைக் கையில் வாங்காமல், என்னையே விரித்துப் பிடிக்கச் சொல்லி எட்ட நின்று படித்தாள்.

"டாக்டர் சொல்லுவாங்க எஸ்தர். நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கப் போறது டாக்டரா?"

திரைக்குப் பின்னால் பிரேமாவின் கால்கள் தெரிந்தன. எனக்குத் தெரியாத செருப்பு போட்டிருந்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"அம்மா, இங்க வராதீங்க" என்றாள் உள்ளிருந்தே. "பக்கத்து வீட்ல யாருன்னு கேப்பாங்க."

அவளுக்கு அப்போது எட்டு வயது. அவளாகச் சொன்னாளா, சொல்லிக்கொடுத்தார்களா என்று பல வருடம் யோசித்தேன். அவளிடம் கேட்டதில்லை.

அடுத்த வாரம் ஒட்டகத்தை அந்தக் குழந்தைக்குத் திருப்பிக் கொடுக்கப் போனேன். என்னைக் கண்டதும் அது ஓடி ஒளிந்துகொண்டது. தாய்தான் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வருடச் சிகிச்சை முடிந்தது. காது மடல் சோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. என்னைப் போன்றவர்கள் அந்தத் தாளுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறோம். அதைக் கொண்டுபோய்க் காட்டினால் உலகம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பாதீர்கள். என் பிள்ளைகள் அந்தத் தாளால் திரும்பவில்லை. மதினியின் கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது, அதனால் திரும்பினார்கள்.

கிருமி போனாலும் நரம்பு திரும்பவில்லை. இப்போதும் தினமும் மாலை ஆறு மணிக்கு ஜன்னலருகே உட்கார்ந்து இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சிவப்பு, கீறல், கொப்புளம். காலையில் நடந்ததை என் கை மாலையில்தான் எனக்குத் தெரிவிக்கிறது. சில நாட்களில் எங்கே, எதில் பட்டது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பிள்ளைகள் திரும்பி வந்த முதல் நாள் மத்தியானம் பிரேமா தன் தட்டைத் தானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். நான் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டு, புதுப் பள்ளியைப் பற்றி அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். ஆனந்த் எப்போது வந்து என் வலது பக்கத்தில் உட்கார்ந்தான் என்று கவனிக்கவில்லை.

"வலிக்குதாம்மா?" என்றான்.

"எது?"

"இப்போ?"

குனிந்து பார்த்தேன். குறைந்த சுண்டுவிரலைத் தன் இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துப் பலங்கொண்ட மட்டும் அழுத்திக்கொண்டிருந்தான். அவன் நகங்கள் வெளுத்திருந்தன. எவ்வளவு நேரமாக என்று எனக்குத் தெரியவில்லை.